நீருக்கடியில் ஒரு கூட்டுச் சொத்து

இந்துமாக்கடலில், செஷல்ஸுக்கும் மொரிஷியஸுக்கும் இடையே, சுமார் 40,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சாயா டி மல்ஹா என்னும் கடலடித் திட்டு விரிந்து கிடக்கிறது. அதன் எப்பகுதியும் நீருக்கு மேல் தெரிவதில்லை. ஆயினும் சில இடங்களில் ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. கதிரவன் ஒளி அடிவரை எட்டுவதால், அங்கு பரந்த கடற்புல் வெளிகளும் பவளங்களும் வளர்கின்றன.

2012ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின்படி, இப்பகுதியின் கடலடித் தரையை இரு நாடுகளும் கூட்டாக நிர்வகிக்கின்றன. மேலுள்ள நீரோ பெரும்பாலும் பன்னாட்டுக் கடலாகும். எனவே, தரையில் வளரும் புல் இரு நாடுகளின் பொறுப்பு. அப்புல்லை அண்டி வாழும் மீன்கள் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் பொது. அடித்தரையை உரசிச் செல்லும் இழுவலை இந்தச் சட்டப் பிரிவினையை அறியாது. தரையையும் நீரையும் ஒருங்கே பேணினால்தான் இவ்வளம் நிலைக்கும்.