காற்றின்மேற் பழி

நோவுகளிலே பெயருள்ளவை, பெயரற்றவை என இருவகை உண்டு. இரண்டோடும் குடித்தனம் நடத்துபவன் நான்.

என் விரல் மூட்டுகளில் இருப்பது பெயருள்ள நோய். முடக்குவாதம் என்பர். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதால் உண்டாவது அது. அல்பிரட் கரொட் என்னும் ஆங்கில வைத்தியர் 1859இல் வெளியிட்ட நூலில், இன்று வழங்கும் மேனாட்டுப் பெயரை அதற்குச் சூட்டினார். 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திலே பிலிப் ஹென்ச் குழுவினர் கோட்டிசோனைச் செலுத்தியபோது, நடக்க மாட்டாதிருந்த நோயாளி சில நாட்களில் நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வாரத்தில் ஒருநாள் விழுங்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரை பலருடைய மூட்டுகளைக் காத்து வருகிறது. பெயர் கிடைத்தமையால் வந்த நன்மைகள் இவை.

என் நெஞ்சில் வரும் நோவுக்கோ பெயரில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் சோதித்தார்கள். “ஒன்றுமில்லை” என்றார் வைத்தியர். நல்ல செய்திதான். ஆயினும் அச்சொல்லின் பொருளை அளந்துகொள்ள வேண்டும். அன்றைய சோதனையில் இருதயத்திற் கேடு தென்படவில்லை என்பதே அதன் பொருள். நோவே இல்லை என்பதன்று.

வைத்தியர் வைக்காத பெயரை ஊரார் வைத்துவிட்டார்கள். “சோளகக் காற்றுத்தான், மாஸ்ரர், அது அடங்கச் சுகம் வரும்” என்பார் ஒருவர். “வாயுக்குத்து, உள்ளியும் இஞ்சியும் அவித்துக் குடியுங்கோ” என்பார் மற்றொருவர். “வாதம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது” என்பார் மூன்றாமவர். சோளகம் காற்று, வாயு என்பதும் காற்று, வாதம் என்ற வடசொல்லின் மூலப்பொருளும் காற்றே. ஆக, மன்னார்த் தீவில் மூவரும் காற்றின்மேலேயே பழியைப் போட்டு என்னை ஆற்றுகிறார்கள். அன்பு மிக்க சொற்கள். ஆனால் ஆபத்தும் அவற்றில் மறைந்திருக்கிறது.

விலா எலும்புகள் மார்பெலும்போடு சேருமிடங்களும் பொருத்துகளே. அங்கே அழற்சி கண்டால் விரலால் அழுத்தும்போது நோகும். நுரையீரலைப் போர்த்த சவ்வு அழன்றால் மூச்சை ஆழ இழுக்கையிற் குத்தும். இருதயத்தைச் சூழ்ந்த உறை அழன்றால் மல்லாந்து படுக்கையில் மிகுந்து, முன்சாய்ந்து அமர்கையிற் குறையும். நோவு மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்குவதாலும் நெஞ்சு எரியலாம். இவற்றுக்கு மேலாக, நீடித்த அழற்சி இரத்தக் குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. முடக்குவாதக்காரருக்கு இருதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே, “வாதந்தானே” என்று இருந்துவிடுதல் தகாது.

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நோவு எந்நேரம் வந்தது, என்ன வேலை செய்கையில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, அழுத்தினாற் கூடியதா, மூச்சோடு சேர்ந்ததா என்றெல்லாம் குறித்து, கிளினிக்கிலே காட்டுவேன். பழகிய நோவுக்கு ஒரு போக்கு உண்டு. அப்போக்கு மாறி, நெஞ்சை இறுக்கி, வியர்வையும் மூச்சுமுட்டலும் கூடி, கைக்கோ தாடைக்கோ பரவினால், 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்கவேண்டும் என்பது வீட்டாருக்கும் தெரியும். தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். உள்ளி அவியும்வரை காத்திருக்க இயலாது.

வீங்கிய விரலை எவரும் காண்பர், நெஞ்சுநோவைக் காண்பாரில்லை. “வைத்தியர் ஒன்றுமில்லை என்றாரே?” என்ற கேள்வியில் ஐயம் ஒலிக்கும்போது, நோவாளி அடுத்த முறை வாய் திறக்க நாணுவான். அந்த மௌனமே எனக்கு அச்சந் தருவது. மருந்து கொடுக்க எல்லோராலும் இயலாது. நோகிறது என்று சொல்பவரை நம்புவது எல்லோராலும் இயலும்.