அச்சம் அகற்றும் அருள்

அச்சமே இல்லாத மனிதரைக் காண்பது அரிது. இருளுக்கு அஞ்சுகிறோம், நோய்க்கு அஞ்சுகிறோம். பத்தாம் வகுப்பில் இருக்கும் நாங்கள் பொதுத்தேர்வுக்கு அஞ்சுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. இவையெல்லாம் வெளியிலிருந்து வரும் அச்சங்கள். விளக்கை ஏற்றினால் ஒன்று போகும். மருந்து உண்டால் மற்றொன்று தணியும். தேர்வு முடிவு வந்தால் மூன்றாவதும், எப்படியோ, தீர்ந்துவிடும். ஆனால் அன்புத் தோழியரே, பக்தியுள்ளவர்களை மட்டுமே தேடிப் பிடிக்கும் அச்சம் ஒன்று உண்டு. "நான் கடவுளுக்கு ஏற்றவள்தானா? கடைசியில் அவர் என்னைத் தள்ளிவிடுவாரோ?" என்பதே அது. கடவுளை நினையாதவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை! செபிக்கச் செபிக்க இது குறையாமல் வளர்வதும் உண்டு. இந்த அச்சத்திலிருந்து இரண்டு புனிதர்கள் எவ்வாறு விடுதலை பெற்றனர் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் கூறுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பார்ப்போம். 'நீதி' என்றவுடன் நமக்கு நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. ஒரு பக்கம் குற்றவாளி, மறுபக்கம் நீதிபதி, நடுவே தராசு. மறைநூலில் வரும் நீதி அப்படிப்பட்டது மட்டும் அன்று. எபிரேய மொழியில் அதற்கு 'செதாக்கா' என்று பெயர். உறவில் உண்மையாக இருத்தல், ஏழைக்கு இரங்குதல், தருமம் செய்தல் ஆகிய எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். திருப்பாடல் ஆசிரியர் கடவுளின் நீதியைக் கண்டு ஓடவில்லை. அந்த நீதியின் பெயராலேயே தம்மைக் காப்பாற்றும்படி கேட்கிறார். தண்டனையை மட்டும் தருவதானால் அதை யார் விரும்பிக் கேட்பார்கள்?

அடுத்த சொல் 'அருள்'. நம் பாட்டிமார் சொல்லும் பழைய மங்கள வார்த்தை செபத்தில் இதற்குப் 'பிரியதத்தம்' என்ற சொல் இருந்தது. பிரியத்தினால் தரப்பட்டது என்று பொருள். பழைய சொல் கடினமானதுதான். ஆனாலும் அருள் என்பது கூலி அன்று, கொடை என்பதை அது எவ்வளவு அழகாகக் காட்டுகிறது!

புனித பிரான்சிஸ் சலேசியார் 1567ஆம் ஆண்டு சவோய் நாட்டில் பிரபு குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாரிஸ் நகரில் இயேசு சபையார் நடத்திய கிளேர்மோன் கல்லூரியில் பயின்றார். நல்ல மாணவர், தவறாமல் செபிப்பவர். அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஒரு விவாதம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. யார் மீட்படைவர், யார் அழிவர் என்று கடவுள் முன்னரே குறித்துவிட்டாரா என்பதே அந்த விவாதம். கல்வினைப் பின்பற்றியவர்கள் மட்டுமல்ல, கத்தோலிக்க அறிஞர்களும் இதைப் பற்றிச் சூடாக வாதிட்டனர். அறிஞர்களுக்கு அது வாதப்பொருள். பத்தொன்பது வயது பிரான்சிசுக்கோ அது நெருப்பாயிற்று. "நான் அழிவுக்கென்று குறிக்கப்பட்டவனாக இருந்தால்?" என்ற எண்ணம் 1586ஆம் ஆண்டு இறுதியில் அவரைப் பற்றிக்கொண்டது. உணவு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை, உடல் மெலிந்தது. இந்நிலை ஏறக்குறைய ஆறு வாரம் நீடித்தது.

1587 சனவரியில் ஒருநாள் கல்லூரியிலிருந்து திரும்பும் வழியில் அவர் புனித முடியப்பர் ஆலயத்திற்குள் நுழைந்தார். அங்கே கருநிறமான தேவமாதா சுரூபம் ஒன்று இருந்தது. அதன் எதிரே முழந்தாளிட்டார். அருகே ஒரு பலகையில் ஒட்டியிருந்த, அன்னையிடம் அடைக்கலம் தேடும் செபத்தைச் சொன்னார். அதன்பின் அவர் செய்த மன்றாட்டுதான் வியப்பானது. "என்னை மோட்சத்தில் சேர்த்துக்கொள்ளும்" என்று அவர் கேட்கவில்லை. மறுவுலகில் உம்மை நேசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாலும், இவ்வுலகில் வாழும் வரையாவது உம்மை நேசிக்க விடும் என்ற கருத்திலே மன்றாடினார். எழுந்தபோது அவருடைய துயரம் தொழுநோயின் செதில்களைப் போல உதிர்ந்து விழுந்ததாகப் பின்னாளில் புனித சந்தால் அருளப்பம்மாள் சாட்சி கூறினார்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். "நீ நல்லவன், கட்டாயம் மீட்புப் பெறுவாய்" என்று எந்த வானதூதரும் அவருக்குச் சான்றிதழ் கொண்டுவரவில்லை. அவருடைய கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை எனலாம். கேள்விதான் மாறிற்று. அதுவரை தம்மையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடவுளைப் பார்க்கத் தொடங்கினார். பின்பு 1593இல் குருவாகி, 1602இல் ஜெனீவாவின் ஆயரானார். 1609இல் வெளிவந்த அவருடைய பக்தி வாழ்வு நூலில் மனக்கலக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே உண்டு. வலையில் விழுந்த பறவை படபடவென்று அடித்துக்கொள்ளும்தோறும் இன்னும் அதிகமாகச் சிக்கிக்கொள்கிறது என்று அதில் உவமை சொல்கிறார். தாமே அந்த வலையில் ஆறு வாரம் கிடந்தவர் அல்லவா! (கதவுகளின் அடியில் துண்டுத்தாள்களைச் செருகி மறைபரப்பிய இவரை 1923இல் பதினோராம் பத்திநாதர் எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக அறிவித்தார். எனவே இம்மலரில் எழுதும் நம் எல்லாருக்கும் அவரே துணை.)

திருச்சபையின் போதனையும் இதுதான். நாம் நல்லவர்களானபின் கடவுள் நம்மை நேசிக்கத் தொடங்குவதில்லை. அவர் முந்திக்கொள்கிறார். நம்மை அவருக்கு ஏற்றவராக்கும் அருளை நம்முடைய எந்தச் செயலாலும் சம்பாதிக்க முடியாது என்று 1547இல் திரிதெந்தின் சங்கம் அறிவித்தது. இதைப் பற்றிப் பிரிந்துபோன லூத்தரன் சபையாரும் நம்மவரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. நம் பாணியில் சொல்வதென்றால், நீதி என்பது முப்பத்தைந்து மதிப்பெண் எடுத்தால் கிடைக்கும் தேர்ச்சி அன்று. மகள் என்ற உரிமை முதலில். அந்த உரிமைக்குத் தக்க வாழ்வு அதன் பின்.

இனி சிறுமலர் தெரேசம்மாளைப் பார்ப்போம். இவர் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தது 1888 ஏப்ரல் 9 அன்று, தம் பதினைந்தாம் வயதில். அதாவது நம் வயதில்! அக்காலப் பிரான்சு நாட்டில் கடவுளைக் கண்டிப்பான நீதிபதியாகவே பலர் எண்ணினர். அடிக்கடி நற்கருணை வாங்குவதற்குக்கூட மக்கள் அஞ்சினர். பன்னிரண்டு வயதிலேயே தெரேசம்மாளை மனச்சஞ்சல நோய் பிடித்தது. ஒவ்வொரு சிறு நினைப்பும் பாவமோ என்று ஐயம். எதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது, எதை விடுவது என்று அக்காள் மரியாளே பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1886இல் அந்த அக்காளும் மடத்துக்குச் சென்றுவிட்டார். சிறுவயதிலேயே இறந்துபோன தம் உடன்பிறப்புகள் நால்வரையும் நோக்கிச் சிறுமி வேண்டினார், அமைதி வந்தது. ஆயினும் அச்சம் அடியோடு அகலவில்லை. 1891இல் மடத்தில் தியானம் கொடுக்க வந்த பிரான்சிஸ்கன் குரு ஒருவர், உன் குறைகள் கடவுளை வருத்தப்படுத்தவில்லை என்று சொன்ன சொல்தான் அவருக்குப் பாய் விரித்துப் படகை ஓட்டியது போலாயிற்று.

1895 சூன் 9 அன்று அவர் எழுதிய அர்ப்பணத்தில் ஒரு கருத்து இருக்கிறது. வெறுங்கையோடு உம்முன் நிற்பேன். என் செயல்களை எண்ணிப் பார்க்க வேண்டாம். உமது நீதியையே நான் உடுத்திக்கொள்வேன் என்பது அதன் சாரம். நீதி என்ற சொல் இங்கே ஆடையாகிவிட்டது. பள்ளிக்குப் புறப்படும் குழந்தைக்கு அம்மா சட்டை மாட்டிவிடுகிறாள். குழந்தை கையை நீட்டினால் போதும். உரோமை யாத்திரையில் மின்தூக்கியைப் பார்த்தவர், மாடிப்படி ஏற முடியாத சிறுபிள்ளைக்கு இயேசுவின் கரங்களே மின்தூக்கி என்றும் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று யாரேனும் கேட்கலாம். தூய ஆவியின் ஏழு கொடைகளில் தெய்வபயமும் ஒன்று என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோமே! அது அடிமையின் பயம் அன்று. அடி விழும் என்று அஞ்சுவது ஒன்று. அப்பாவின் மனம் நோகுமே என்று தயங்குவது வேறொன்று. முன்னது நம்மை அவரிடமிருந்து ஓடச் செய்யும், பின்னது அவரருகே நிறுத்தும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமைதி என்றால் எப்போதும் இன்பமான உணர்வு என்று எண்ணிவிடக் கூடாது. காசநோயால் வாடிய தெரேசம்மாள் தம் கடைசி ஒன்றரை ஆண்டுகளில் மோட்சம் உண்டா என்றே ஐயம் எழும் இருளில் தவித்தார். அவ்விருளிலும் நம்பிக்கைச் செயல்களை விடவில்லை. 1897 செப்டம்பர் 30 அன்று இருபத்து நான்கு வயதில் இறந்தார்.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்கு எங்கள் பாட்டிதான் காரணம். சென்ற ஆனி மாதம் அவர்களுக்குக் காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையானார்கள். அப்பா பங்குச்சாமியாரை அழைத்து வரலாமா என்றதும் பாட்டி அழத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் காலத்தில் அதற்கு 'அவஸ்தைப்பூசுதல்' என்று பெயர். சாமியார் எண்ணெயோடு வந்தால் முடிந்தது என்று பொருள். இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் என்னைச் சேத்துக்குவாரா, பாப்பா?" என்று கேட்டார்கள். எழுபத்தாறு வருடம் ஒருநாளும் செபமாலை தவறாத பாட்டி! எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் சாமியார் வந்தார். இப்போது அதன் பெயர் 'நோயில் பூசுதல்' என்றும், அது சாவுக்குச் சீட்டு அன்று, உடலுக்கும் உள்ளத்துக்கும் திடம் தரும் அருட்சாதனம் என்றும் மெதுவாக எடுத்துச் சொன்னார். பாட்டியும் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். சாமியார் புறப்பட்டபின் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி கேட்டார்கள்.