ரிப்போர்ட்டில் எல்.டி.எச். கூடுதல் என்றால்

பெங்களூருவில் ரிச்சர்ட்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன் பக்கமெல்லாம் இப்போது லேப் ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்திருக்கும் நேரத்தில், அதில் 'எல்.டி.எச்.' என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தால் குடும்பமே கலங்கிப் போகிறது. அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

எல்.டி.எச். என்பது செல்கள் சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்க உதவும் ஒரு நொதி. வேகமாகப் பெருகும் புற்று செல்களில் இது அதிகம். அவை சிதையும்போது ரத்தத்தில் கலக்கிறது. அதனால் உடம்பில் நோய் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். கல்லீரல் கோளாறிலும் தசைக் காயத்திலும்கூட இது ஏறும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனாலும் எண் பொய்யாக உயரும். அப்படிச் சந்தேகம் வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

நோயின் போக்கைக் கணிக்க 1993-ல் வெளியான ஐ.பி.ஐ. என்ற சர்வதேசக் கணக்கில் எல்.டி.எச். ஐந்தில் ஒரு பங்குதான். வயது அறுபதைத் தாண்டியதா, நோய் எந்தக் கட்டம், நிணநீர்க் கணுக்களுக்கு வெளியே எத்தனை உறுப்புகளில் பரவியிருக்கிறது, நோயாளி தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்பவை மற்ற நான்கு. வேகமாக வளரும் லிம்போமாவுக்கான அந்தக் கணக்கில், ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் ஆபத்து குறைந்த பிரிவில் 73 சதவீதம், மிக அதிகமான பிரிவில் 26 சதவீதம். இணையத்தில் இந்த 26-ஐப் பார்த்து மனம் உடைந்துவிட வேண்டாம். அது ரிடுக்ஸிமாப் மருந்து வருவதற்கு முந்தைய எண். அந்த மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களைக் கனடாவில் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டபோது, மோசமான பிரிவிலும் நான்காண்டு தாண்டியவர்கள் 55 சதவீதம். அதே ஆண்டு ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அந்த மருந்தை இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது.

ஹாட்ஜ்கின் என்ற வேறு வகை லிம்போமாவில், இப்படிப்பட்ட கணக்குக்கு ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். அல்புமின் குறைந்தால் முட்டையாகக் கொடுத்துத் தேற்றப் பார்க்கும் வீடுகள் உண்டு. சத்தான சாப்பாடு வேண்டியதுதான். ஆனால் அந்தக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் நோய் உண்டாக்கும் அழற்சி. நோய் அடங்கினால்தான் அது நன்றாக ஏறும்.

புற்றுக்கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளை ரத்தத்திலேயே அளக்கும் முறையும் வளர்ந்து வருகிறது. முதல் கீமோவுக்குப் பிறகே அவை நூறில் ஒன்றாகக் குறைந்தவர்களுக்குப் பலன் நன்றாக இருந்ததை அமெரிக்க ஆய்வு 2018-ல் காட்டியது.

இவையெல்லாம் நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் வீட்டு ஒருவருக்கு நாள் குறிக்காது. சிகிச்சைக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கு போனாலும், ஐ.பி.ஐ. மதிப்பெண் எவ்வளவு, அதனால் சிகிச்சை மாறுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.