அடங்காப் பொத்தான்

2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் சேந்தமங்கலம் உட்படத் தமிழகமெங்கும் வாக்குச்சீட்டு ஒழிந்து, மின்னணு வாக்கு இயந்திரம் பயன்பட்டது. அதன்கண் ஒருமுறை நீலப்பொத்தானை அழுத்தியவர் பின்னர் எத்துணை முறை அழுத்தினும் வேறொரு வாக்குப் பதிவாகாது. வாக்குச்சாவடி அலுவலர் தம்மிடமுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் மீண்டும் அனுமதி அளித்தாலன்றி அப்பொத்தான் உயிர்பெறாது.

இணையப் பக்கங்களிலுள்ள பொத்தான்களோ பலகால் இங்ஙனம் அடங்குவதில்லை. கொல்லிமலை அடிவாரத்து இவ்வூரின் கணினி நிலையமொன்றில் தேர்வுக் கட்டணம் செலுத்தும் மாணவன், இணைப்பு மந்தமாதலின், 'செலுத்துக' என்பதை மறுமுறையும் அழுத்துகின்றான். தந்தையார் மரவள்ளிக்கிழங்கு விற்ற பணம் இருமுறை கழிகின்றது. முதல் அழுத்தத்திலேயே பொத்தான் செயலிழக்க வேண்டுமென நிரலில் கட்டளை இருந்தும் அஃது அடங்காமைக்குக் காரணம் யாது? அதனையே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண், அது பொத்தான்தானா என்று நோக்குதல் வேண்டும். வேறு பக்கத்திற்குச் செல்லும் இணைப்பிற்கு வண்ணந் தீட்டிப் பொத்தான்போல் நிறுத்துவாருளர். செயலிழக்கச் செய்யும் 'டிஸேபிள்டு' என்னும் பண்பு இணைப்பினிடத்துச் செல்லாது. வேடம் புனைந்தவன் அரசனாவனோ?

மெய்ப்பொத்தானே ஆயினும் கட்டளை அதனைச் சென்றடையாதிருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'டிஸேபிள்டு' என்பதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக இட்டால், அம்மொழி பிழையென்று உரையாது. பயனற்ற புதுப்பண்பொன்றைப் படைத்துவிட்டு வாளாவிருக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடில்லாத தமிழிற் பயின்ற நமக்கு இது விந்தையே. ஒரே அடையாளப் பெயரை இரு பொத்தான்களுக்கு இடுதலும் இடர் விளைக்கும். கட்டளை முதலாவதற்கே போய்ச் சேரும். மாணவன் அழுத்துவது இரண்டாவதாயிருக்கும்.

இனி, அடங்கிய பொத்தான் மீண்டும் எழுதலும் உண்டு. 'ரியாக்ட்' போன்ற கட்டமைப்புகள் தாம் வைத்திருக்கும் நிலைக்குறிப்பைக் கொண்டு பக்கத்தை மீளமீள வரைவன. அக்குறிப்பை மாற்றாது பொத்தானை மட்டும் மாற்றின், அடுத்த வரைவில் அம்மாற்றம் அழிந்துபோதல் கூடும். இவற்றைப் பிரித்தறியும் வழி எளிது. உலாவியின் ஆய்வுக்கருவியைத் திறந்துவைத்துப் பொத்தானை அழுத்துக. 'டிஸேபிள்டு' என்னும் சொல் தோன்றவேயில்லையெனின் கட்டளை சேரவில்லை. தோன்றி மறையின் யாரோ அழித்தனர்.

சிலர் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கிச் சுட்டியின் அழுத்தத்தை மட்டும் தடுத்து அமைவர். விசைப்பலகையின் 'என்டர்' விசையோ முன்போலவே வேலை செய்யும்.

இத்தனையும் திருத்தியபின்னரும் பணத்திற்குக் காவல் உலாவியன்று. பக்கத்தைப் புதுப்பித்தால் பொத்தான் மீண்டும் உயிர்பெறும். வாக்கு இயந்திரத்தில் பூட்டு, வாக்காளர் தொடும் கருவியை நம்பி நில்லாது, அலுவலர் கையிலுள்ள கருவியின் ஆட்சியில் இருத்தலை நினைக. அவ்வாறே சர்வரில் ஒவ்வொரு கட்டணத்திற்கும் தனியெண் ஒன்று குறித்தல் வேண்டும். அதே எண் மறுமுறை வரின், பணம் கழியாது முன்னைய இரசீதே திரும்பும்.