வகுப்பை எப்படிச் சமாளிப்பீர்கள்?



திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசைகளில் காது கேளாத, கால் ஊனமுற்ற சகோதர சகோதரிகள் வேலை செய்வதை நாம் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒருவர் முதுகலை படித்து, நெட் தேர்விலும் தேறி, கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்குப் போனால் என்ன நடக்கிறது? பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "வகுப்பை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் அந்தக் கேள்வியோடு நேர்காணல் முடிந்துவிடுகிறது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீத இட ஒதுக்கீடு தந்தது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அதை 4 சதவீதமாக்கியது. பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள் மட்டுமல்ல, அரசு உதவி பெறும் நிறுவனங்களும் இச்சட்டத்தின்படி 'அரசு நிறுவனம்' என்ற சொல்லுக்குள் வருகின்றன. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் கல்லூரிகளில் உதவி பெறுபவை பல உண்டு என்பது நமக்குத் தெரியும்.

ஒதுக்கீட்டைவிட முக்கியமான ஒன்று இச்சட்டத்தில் இருக்கிறது. பார்வையற்ற ஆசிரியருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள், சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தரைத்தளத்தில் வகுப்பறை போன்ற நியாயமான ஏற்பாடுகளை, நிறுவனத்துக்கு மிதமிஞ்சிய சுமையாக இல்லாதவரை, செய்து தர மறுப்பதே பாகுபாடு என்கிறது அது. எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்வி இப்போது கல்லூரியை நோக்கித் திரும்பிவிட்டது. நாங்கள் என்ன செய்து தர வேண்டும் என்று அதுதான் கேட்க வேண்டும்.

இந்த இடத்துக்கு வந்துசேர நீதிமன்றங்களுக்கே காலம் பிடித்தது. தமிழகத்தில் உரிமையியல் நீதிபதி பணிக்குப் பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தார்கள். 70 சதவீதக் குறைபாடு உடைய ஒருவர் வழக்காடித் தோற்றார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரியே என்றது. 2021 பிப்ரவரியில் வேறொரு வழக்கில், அத்தீர்ப்பு நியாயமான ஏற்பாடு என்ற கருத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. பிறகு, மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோருக்கு நீதித்துறைப் பணியை மறுத்த விதியை எதிர்த்து ஒரு தாய் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 2025 மார்ச் 3 அன்று அவ்விதி வீழ்ந்தது. பார்வையற்றவர் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பு எழுதலாம் என்றால், வரலாறும் தமிழும் நடத்த முடியாதா?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், முழு உடல்திறன் உள்ளவர்களை மட்டுமே வேலைக்குச் சேர்ப்பது மனித மாண்புக்கே தகாதது என்று கண்டித்திருக்கிறார். நம் கல்லூரி நிர்வாகக் குழுக்களின் மேசைக்கு அந்தப் பகுதி அடிக்கடி வருவதாகத் தெரியவில்லை.

பணியில் இருக்கும்போது பார்வையோ காலோ இழந்தவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கும் கடமை உண்டு: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுயநிதிக் கல்லூரியும், பனியன் கம்பெனியும்கூட, சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். உரிமை மறுக்கப்பட்டால் சென்னையில் உள்ள மாநில ஆணையரிடம் எழுத்து மூலம் முறையிடலாம்.