விருப்ப ஓய்வும் ஊர்ப் பயணமும்

விருப்ப ஓய்வு. பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. "இன்னும் இருக்கலாமா, எழுதிக் கொடுத்து விடலாமா?" என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்த குடும்பங்கள் எத்தனையோ!

இந்த நகரம் வளர்ந்த விதம் அப்படி. 1940-ல் விமானத் தொழிற்சாலை வந்தது. 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். என்று அடுத்தடுத்துத் தொழிற்சாலைகள் எழுந்தன. வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எந்திரத்தின் முன்னால் நின்றார்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பாங்கியிலும் டெலிபோன் ஆபீசிலும் குமாஸ்தாக்களாக அமர்ந்தார்கள்.

பிறகு காற்று திரும்பியது. 2000-2001-ல் அரசு பாங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். அதே 2001-ல் கோலார் தங்க வயலின் சுரங்கம் மூடப்பட்டது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் பலர் இன்றும் விடியற்காலை ரெயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியுடன் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் தந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31-ந் தேதி ஒரே நாளில் வீடு திரும்பினார்கள்.

எல்லாவற்றுக்கும் பெயர் "விருப்ப" ஓய்வுதான். ஆனால் ஆலைக் கதவே சாத்தப்படும்போது அதில் விருப்பம் எங்கே இருக்கிறது? வாசல் திறந்திருக்கும்போது தானாக வெளியே வந்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும். நான் அந்த இரண்டாவது வகை. 2001-ல், 46-வது வயதில், 24 ஆண்டு சர்வீசுடன் பாங்கி வேலையை விட்டேன்.

கணக்கு என்ன சொன்னது?

அன்றைய பாங்கித் திட்டத்தில் 15 ஆண்டு சர்வீஸ் அல்லது 40 வயது இருந்தால் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம். அல்லது ஓய்வு பெறும் வயது வரை மீதியுள்ள மாதங்களின் சம்பளம். இந்த இரண்டில் எது குறைவோ, அது.

என் கணக்கில் 24 ஆண்டுக்கு 1,440 நாள், அதாவது 48 மாதச் சம்பளம். எனக்கு மீதி இருந்ததோ 14 ஆண்டுகள், 168 மாதங்கள். ஆகவே 48 மாதம்தான் கைக்கு வரும். 120 மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறோம் என்று பொருள். பென்ஷன் உண்டு, கிராஜுவிட்டி உண்டு. ஆனால் பின்னால் வரப்போகும் சம்பள உயர்வு எதுவும் நமக்கில்லை. என்னோடு சேர்ந்து 60 வயது வரை இருந்தவர்கள் இன்று வாங்கும் பென்ஷன் என்னுடையதைவிட அதிகம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பி.எஸ்.என்.எல். திட்டத்தில் கணக்கு வேறு. முடித்த ஆண்டுக்கு 35 நாள் சம்பளம், மீதியுள்ள ஆண்டுக்கு 25 நாள் சம்பளம். 25 ஆண்டு முடித்து 5 ஆண்டு மீதி இருந்தவருக்கு ஆயிரம் நாள் சம்பளம், சுமார் 33 மாதம். திட்டத்துக்குத் திட்டம் இப்படி மாறும். பக்கத்து ஆலைக்காரர் வாங்கிய தொகையை வைத்து நம் தொகையை மதிப்பிடக் கூடாது.

அப்படியானால் 120 மாதச் சம்பளத்தை விட்டு நான் ஏன் வந்தேன்? அப்பாவுக்காக.

அப்பாவின் வலது கால்

அப்பா கலாசிப்பாளையத்தில் ஒரு லாரி ஆபீசில் 31 ஆண்டு டிரைவராக இருந்தவர். தெற்கே திருநெல்வேலி, வடக்கே ஷோலாப்பூர் வரை ஓட்டியவர். ஆனால் எங்கள் சொந்த ஊரான செங்கத்துக்கு எங்களை அவர் ஒருநாளும் தம் வண்டியில் அழைத்துப் போனதில்லை. "அது முதலாளி வண்டி" என்பார். பொங்கலுக்கு நாங்கள் போனதெல்லாம் பஸ்சில்தான். கிருஷ்ணகிரியில் இறங்கி, மாறி ஏறி, ஊத்தங்கரை வழியாகப் போய்ச் சேருவதற்குள் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதம் தீர்ந்திருக்கும்.

2001-ல் அவருக்கு 74 வயது. பஸ்சில் நெடுநேரம் உட்கார முடியாது. "கண்ணை மூடுவதற்குள் ஊரில் நாலு நாள் இருக்க வேண்டும்" என்பதே பேச்சு. ஓய்வுப் பணத்தில் பெரும் பகுதியை டெபாசிட்டில் போட்டேன். சிறு பகுதியில் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். 1983 டிசம்பரில் நம் நாட்டு வீதிகளில் இறங்கிய அந்தச் சின்னக் கார்தான், அம்பாசடர் வாங்க முடியாத குடும்பங்களுக்கும் கார் ஆசையைக் காட்டியது.

முதல் பயணத்தில் அப்பா முன் இருக்கையில் என் இடது பக்கம் உட்கார்ந்தார். ஓசூர் தாண்டியதும் கவனித்தேன். எதிரே லாரி வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. ஆனாலும் கால் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டு ஆகியும் அந்தக் காலுக்கு ஓய்வு கிடைக்கவில்லை!

பேச்சு குறைந்த மனிதர். வண்டியில் மட்டும் வாய் திறந்தார். "ஏறின கியரிலேயே இறங்கணும். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கிறவன் உயிரை விற்று எண்ணெய் வாங்குகிறவன்" என்பார். சேலம் போகும்போது தொப்பூர்க் கணவாயில் இறங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது. எந்த ஊர்ச் சாவடியில் எந்த ஆண்டு வண்டி பழுதாகி இரவெல்லாம் விழித்திருந்தார், அந்த இரவில் எங்களில் யாருக்குக் காய்ச்சல் என்று அம்மா கடிதம் போட்டிருந்தாள், எல்லாம் அந்தப் பாதையில்தான் எனக்குத் தெரிய வந்தது.

சுமார் 170 கிலோமீட்டர் பாதை. மாதம் ஒருமுறை என்று ஐந்து ஆண்டு போனோம். 2006-ல் அப்பா காலமானார். நான் 60 வயதில் ஓய்வு பெற்றிருந்தால் அது 2015. மேலே சொன்ன 120 மாதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்கும் வரவு இது ஒன்றுதான். இந்த இரண்டும் சமமா என்று யாராவது கேட்டால், எனக்குச் சமம் என்பேன். எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அத்திப்பள்ளி எல்லை

இங்குள்ள தமிழருக்கு ஊர்ப் பாதை என்பது வெறும் தார் ரோடு அல்ல. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையில் கலவரம் மூண்டபோது இந்தப் பாதை அடைபட்டது. 2016-ல் பஸ்கள் நின்று போக, அத்திப்பள்ளிக்கும் ஓசூருக்கும் இடையே மூட்டை முடிச்சுகளுடன் நடந்தே எல்லையைக் கடந்தவர்கள் உண்டு. நெருப்பு அடங்கிய மறுவாரமே இரு பக்கத்து மனிதரும் பழையபடி வேலைக்குப் போய் வந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பாதை இன்று மாறிவிட்டது. 2010 ஜனவரியில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரெயில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து பஸ் ஏறினால் ஓசூர் தூரமில்லை. கார் இல்லாமலும் ஊர் போகலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காரணம் அடுத்து வருகிறது.

ஓட்டுவதற்கும் ஓய்வு வேண்டும்

வேலைக்கு ஓய்வு வயதை அரசு சொல்கிறது. ஸ்டியரிங்குக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. 55 வயதுக்கு மேல் லைசென்சை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டாக்டர் சான்றிதழ் வேண்டும். சட்டம் அவ்வளவோடு நிற்கிறது. 15 ஆண்டு முடிந்த காருக்கும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காரைப் பரிசோதிக்கும் அக்கறையில் பாதியாவது ஓட்டுகிறவர் தம் கண்ணுக்குக் காட்ட வேண்டாமா?

இரவில் எதிர் விளக்கு சிதறித் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியவில்லை என்றால் கண்ணாடியை மட்டும் நம்ப முடியாது. எனக்கு 65 ஆனதும் இரவு ஓட்டுவதை நிறுத்தினேன். இப்போது 70 கடந்துவிட்டது. மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் பகலில் ஓட்டுகிறேன். ஊருக்கு மகள் ஓட்டுகிறாள்.

விண்ணப்பம் எழுதுமுன்

விருப்ப ஓய்வு பற்றி யோசிக்கும் நண்பர்களுக்கு மூன்று வார்த்தை. முதலாவது, மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். அது மாதம் எவ்வளவு வட்டி தரும், பென்ஷனோடு சேர்ந்தால் வீட்டு வாடகைக்கும் படிப்புச் செலவுக்கும் போதுமா என்று பாருங்கள். தனியார் தொழிலாளிக்குப் பி.எப். பென்ஷன் முழுதாகக் கிடைப்பது 58 வயதில்தான். 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே வாங்கினால் குறையும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டாவது, பணம் வந்த செய்தி உறவினருக்குத் தெரியும் முன்பே அதை டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். கைமாற்று கேட்கிறவரிடம் "ரசீதுதான் இருக்கிறது" என்று உண்மையையே சொல்லலாம்.

மூன்றாவது, எதற்காகப் போகிறோம் என்பதை ஒரு வரியில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். "சலித்துவிட்டது" என்று மட்டும் எழுத வருகிறதா? இன்னும் ஒரு வருடம் வேலை பாருங்கள். ஒரு மனிதரின் பெயரையோ, ஒரு ஊரின் பெயரையோ எழுத முடிகிறதா? பிறகு கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.