மனு அடிக்கும் முன் ஒரு வார்த்தை



பாமினி எழுத்துருவில் நாம் காணும் 'அ', கணினிக்குள் ஆங்கில 'எம்'தான். "இந்த வரிகளுக்குப் பாமினி" என்று கோப்பில் சேர்ந்திருக்கும் குறிப்பே அதைத் தமிழாகக் காட்டுகிறது. இணையப் படிவத்தில் நகலெடுத்து ஒட்டினால் அக்குறிப்பு உதிர்ந்துவிடும். அடிக்கோடு உதிர்ந்தால் அழகுதான் போகும். இது உதிர்ந்தால் மனுதாரரின் பெயரே போய்விடும்.

யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே உரிய எண்கள் உண்டு. எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே உதவித்தொகை, ஓய்வூதிய மனுக்களை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் டிடிபி கடைகளில் கொடுக்கும்போது, "யூனிகோடில் அடியுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பாமினிக் கோப்பானால் யூனிகோடுக்கு மாற்றி, பெயரையும் முகவரியையும் ஒருமுறை வாசித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.